பின் அடுக்கு

குண்டை நிறுத்துவது எங்கள் வேலையில்லை.
அது முன் அடுக்கு. மஞ்சள் துணி,
சாதாரணக் கத்தரிக்கு மசியாது,
கறுப்பு பாலித்தீன் சுற்றி வரும்.
வெயில் பட்டால் பலம் போய்விடுமாம்,
ஜன்னலெல்லாம் அட்டை ஒட்டி வைத்திருக்கிறார் தணிகாசலம்.
கொடுங்கையூரில் வெயிலே படாத ஒரே உருப்படி அது.

நாலாவது மேசையில் நானும் பிரிசில்லாவும்
அதன் பின்னால் போவதைத் தைக்கிறோம்:
ஒரு ஃபெல்ட்,
நடுவில் நூல்கால்கள் நட்ட இரட்டைத் துணி
(அமுக்கினால் படுக்கும், விட்டால் எழும்),
இன்னொரு ஃபெல்ட்,
கடைசியாய் வேர்வைக்கு ஒரு வலைத்துணி.
இழுத்துத் தைத்தால் செத்துப்போகும்.
தளர்த்தித் தைத்தால் ஓரத்துக்கு ஓடிவிடும்.
எவ்வளவு தளர்ச்சி என்று எந்தத் தாளிலும் இல்லை,
கட்டைவிரலைத்தான் கேட்க வேண்டும்.
குப்பைமேட்டுப் புகை வந்தால்
முதலில் ஃபெல்ட்தான் வாங்கிக்கொள்ளும்.
அதன் குணமே அது,
எது வந்தாலும் வாங்கிக்கொள்வது.

"குண்டு நின்னுடும்மா. இடி நிக்காது.
அந்த இடிக்குத்தான் உனக்குக் கூலி."
சேர்ந்த அன்று தணிகாசலம் சொல்லிக்கொடுத்தது
இவ்வளவுதான்.

வைகாசியில் சோதனைக்குப் போன எட்டும்
தோற்றுத் திரும்பின.
ஒரு குண்டுகூடத் தாண்டவில்லை.
பின்னால் வைத்த களிமண்ணில்தான் பள்ளம்:
நாற்பத்து நாலு மில்லி வரை மன்னிப்பு,
எங்களுடையது நாற்பத்தேழு.
பக்கத்தில் அடிக்கோல் வைத்துப் படம் அனுப்பியிருந்தார்கள்.
சாம்பல் மண்ணில் வழவழவென்று ஒரு கிண்ணம்.
பிரிசில்லா செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இதுல அரை ஆழாக்கு அரிசி புடிக்கும்."
சிரித்துவிட்டேன். பிறகு
அது யாரோ ஒருவரின் விலா இருக்க வேண்டிய இடம்
என்று தோன்றி நிறுத்திக்கொண்டேன்.

மூன்று மில்லி.
இன்னொரு அடுக்கு வைத்தால் எடை கூடும்,
எடை கூடினால் ஆர்டர் போகும்.
இரண்டு நாள் யாரும் சரியாக நாஸ்தா சாப்பிடவில்லை.
மூன்றாம் நாள் பிரிசில்லாதான்
துப்பட்டாவைக் கழற்றி முறுக்கினாள்.
"எங்கக்கா காசிமேட்டுல கூட தூக்குது இல்ல,
சும்மாட்ட மடிச்சி வைக்காது, சுத்தி வைக்கும்.
மடிச்சி வச்சா நடுமண்டையில எறங்கும்.
சுத்தி வச்சா பாரம் ஓரமா போயிடும்."
கட்டம் கட்டமாய் ஓட்டிய தையலைப் பிரித்து
நடுவிலிருந்து வெளியே சுருள் சுருளாய் ஓட்டினோம்.
ஊசி ஏழு உடைந்தது.

நாற்பத்து மூன்று வந்தது.
தாளில், "தையல் முறை மாற்றம்", கீழே
தணிகாசலத்தின் கையெழுத்து.

ஆடியில் பெண் காவலர்களுக்கென்று பத்து.
அளவு பார்க்க எங்களிடம் இருந்த பொம்மை
ஆண், நெஞ்சு பலகை.
"நீயே போட்டுக் காட்டும்மா" என்று சொல்லிவிட்டு
தணிகாசலம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.
போட்டேன். கனம், புழுக்கம், கக்கத்தில் அறுப்பு.
பிரிசில்லா விரல் விட்டு இடைவெளி தேடினாள்.
"எங்கனா இடிக்குதா?"
"இல்ல."
"குத்திப் பாக்கட்டா?"

முதல் குத்து விளையாட்டு.
இரண்டாவது நிஜம்.
பக்கத்து வீட்டில் யாரோ அம்மியை நகர்த்துவது மாதிரி
எங்கோ ஒரு சத்தம்,
அப்புறம் அது அகலமாகி, மெலிந்து,
முதுகு வரைக்கும் வரவேயில்லை.

போன கார்த்திகையில் இதே விலாவில் ஒன்று விழுந்தது.
அது நேராக வந்தது.
பதினோரு நாள் இடப்பக்கம் சாய்ந்து படுத்தேன்.
மெஷினில் இடித்துக்கொண்டேன் என்று இவளிடம் சொன்னதும்
இவள் நம்பினாற்போல் இருந்ததும் ஞாபகம்.

"இன்னொண்ணு குத்து" என்றேன்.
பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் குத்தினாள்.
"இன்னும்."

தணிகாசலம் சாப்பாட்டு மணி அடித்துவிட்டுப் போனார்.
கரண்ட் போய் மின்விசிறி நின்றது.
"கழட்டுடி, எப்படி ஊத்துது பாரு."
அளவுச் சீட்டு இன்னும் தைக்கவில்லை,
கழுத்தோரம் நூல் தொங்கிக்கொண்டிருந்தது.
"இரு" என்றேன். "கொஞ்சம் இரு."